எழுத்துத் தொகுப்பியும் மின்னஞ்சலும்

மின்னஞ்சலை எழுதுவதற்கு இணையத் தொடர்பு வேண்டியதில்லை; அனுப்புவதற்கே வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடரை அண்டிய லக்கல போன்ற பிரதேசங்களில், அலைத்தொடர்பு மலைச்சரிவுகளால் தடைப்படுமிடத்து, இவ்வேறுபாடு அற்பமானதன்று.

1982இல் வகுக்கப்பட்ட நியமத்தின்படி மடல் என்பது வெறும் எழுத்துக்கோப்பே. பெறுநர், பொருள் முதலிய தலைப்புவரிகள், ஒரு வெற்றுவரி, அதன்பின் உள்ளடக்கம். எனவே எந்தத் தொகுப்பியிலும் ஆறுதலாக எழுதிச் சேமித்து, தொடர்பு கிடைத்ததும் ‘சென்ட்மெயில்’ போன்ற நிரலிடம் ஒப்படைக்கலாம். வெற்றுவரியை மறத்தலாகாது.

ஆயின் அந்நியமம் ஆங்கில எழுத்துகளையே மனங்கொண்டது. ஏனைய மொழிகளுக்கு 1992இல் வந்த ‘மைம்’ நியமமே வழிசெய்தது. தமிழில் எழுதுவோர் யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தைத் தலைப்புவரியில் அறிவித்தல் அவசியம். நம்மிடையே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கிலக் குறிகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வைத்தது. அவ்வெழுத்துரு இல்லாதவருக்கு மடல் பொருளற்ற ரோம எழுத்துக் குவியலாயிற்று. எழுத்துருவை உடையவரே வாசகர் என்னும் இந்நிலை, கருவிகளின் உடைமை பற்றிய பழைய வினாவன்றி வேறில்லை. 1991இல் யூனிகோடு தமிழுக்கெனத் தனியிடம் ஒதுக்கியதன் சமூகப் பெறுமதியை நாம் இங்கேதான் காண்கிறோம்.

பொருள்வரியில் தமிழ் இடம்பெறின் அதனை வேறாகக் குறியாக்குதல் வேண்டும். கையாற் செய்வது வீண்வேலை. நாம் விரும்பும் தொகுப்பியையே திறந்துதரும் ‘மட்’ நிரலிடம் அதனை விட்டுவிடலாம்.