நடுக்கடலில் வீசிய வலையில் மான்கொம்பு ஈட்டி சிக்கியது எப்படி?

1931. இங்கிலாந்தின் நார்ஃபோக் கரைக்கு அப்பால் வலையிழுத்த படகில் கரிய மண்கட்டி ஒன்று ஏறியது. உடைத்தால், உள்ளே பல் பல்லாகச் செதுக்கிய மான்கொம்பு ஈட்டிமுனை!

யாரோ படகிலிருந்து தவறவிட்டதோ? இல்லை. அந்த மண், சதுப்பு நிலத்துச் செடிகள் மக்கி உண்டானது. கடலடியில் அது உருவாகாது.

அங்கே நிலமே இருந்தது. பிரிட்டனை ஐரோப்பாவோடு இணைத்த அதற்கு இன்று டாகர்லேண்ட் என்று பெயர்.

அப்புறம் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? விளிம்புவரை நிரம்பிய டம்ளரில் மிதக்கும் ஐஸ் கட்டி உருகினால் தண்ணீர் வழியாது. அதே கட்டியை டீ வடிகட்டியில் போட்டு டம்ளர் மேல் வையுங்கள். உருக உருக வழியும். பனியுகத்தில் அந்த வடிகட்டிதான் தரை. கடல்நீர் ஆவியாகிப் பனியாகப் பெய்து, வட அமெரிக்கா, வட ஐரோப்பா மீது கிலோமீட்டர் கணக்கில் உறைந்து கிடந்தது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே!

பூமி சூடேற, பனி உருகி, பள்ளங்கள் முதலில் மூழ்கின. மேடுகள் தீவுகளாயின. சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் நார்வே அருகே கடலடி சரிந்து சுனாமியும் வந்தது. சினிமாவுக்கேற்ற காட்சிதான்; ஆனால் பெரும்பகுதியை விழுங்கியது மெல்ல ஏறிய தண்ணீரே.

உயர்ந்த மேடான டாகர் திட்டில் இன்றும் சில இடங்களில் ஆழம் 15 மீட்டர்தான். காற்றாலைகளை நட அது வசதியாகப் போயிற்று.