வைரஸ் நிமோனியா: படுக்கையருகில் செய்யப்படும் நுரையீரல் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை

காய்ச்சல், இருமலுடன் சேர்க்கப்பட்டுள்ள உங்கள் உறவினரின் மார்பில் மருத்துவர் ஜெல் தடவி, சிறிய கருவியை வைத்துத் திரையைப் பார்ப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். "வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேனை நெஞ்சுக்கு ஏன் எடுக்கிறீர்கள்?" என்று உடனிருப்போர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். காற்று நிறைந்த நுரையீரலை இக்கருவியால் பார்க்க இயலாது என்றே மருத்துவ உலகமும் நெடுங்காலம் கருதியது. பிரான்சைச் சேர்ந்த தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டென்ஸ்டைன் போன்றோரின் ஆய்வுகளே இக்கருத்தை மாற்றின. கடும் மூச்சுத்திணறலுக்கான காரணத்தை இப்பரிசோதனை மூலம் அறியும் முறையை அவர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பரிசோதனை எவ்வாறு செயல்படுகிறது?

உடன்குடி, மணப்பாடு, குலசேகரப்பட்டினம் பகுதிகளில் கடலுக்குச் செல்வோர் எக்கோ சவுண்டர் கருவியை அறிவர். அது அனுப்பும் ஒலி நீரைக் கடந்து கடலடித் தரையில் மோதித் திரும்புகிறது. இங்கும் அதே தத்துவம்தான். ஒலியலை நீரில் எளிதாகச் செல்லும். காற்றைச் சந்தித்தால் திரும்பிவிடும். நலமான நுரையீரலில் காற்று இருப்பதால் ஒலி அதன் மேலுறையிலேயே எதிரொலித்து, திரையில் கிடைமட்டக் கோடுகளாகத் தெரியும். இவை ஏ-கோடுகள். வைரஸ் தொற்றினால் காற்று நுண்ணறைகளைச் சுற்றி வீக்கமும் நீரும் சேரும்போது, உறையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் வெண்மையான செங்குத்துக் கோடுகள் தோன்றும். இவை பி-கோடுகள். ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. ஒரே விலா இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ இருப்பது இயல்பன்று. வைரஸ் நிமோனியாவில் இக்கோடுகள் பெரும்பாலும் இரு பக்கமும் திட்டுத்திட்டாகக் காணப்படும். உறையும் சீரற்றுத் தெரியும்.

பாதிப்பு முதுகுப் பக்கத்தில் மிகுதியாக இருப்பது வழக்கம். ஆகவேதான் நோயாளியை உட்காரவோ ஒருக்களிக்கவோ சொல்கிறோம். அப்போது நீங்கள் தாங்கிப் பிடித்து உதவலாம். சில நிமிடங்களில் முடியும் இப்பரிசோதனையில் ஊசியும் வலியும் இல்லை.

இதன் பயன் என்ன?

கொரோனா பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளில், ஆக்சிஜன் குழாயுடன் இருந்த நோயாளியைச் சி.டி. ஸ்கேன் அறைக்குக் கொண்டு செல்வதே ஆபத்தாக இருந்தது. கருவியே படுக்கைக்கு வந்தால் அந்த ஆபத்து இல்லை. கதிர்வீச்சு இல்லாததால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் செய்யலாம். நேற்றைய நிலையை இன்றைய நிலையுடன் ஒப்பிட மீண்டும் மீண்டும் பார்க்கலாம். என் பார்வையில் இந்த ஒப்பீடே இதன் பெரும்பயன். கோடுகள் கூடிக்கொண்டே போனால், நோயாளியைத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற உயர் மையத்திற்கு அனுப்பும் முடிவை, அவர் பயணத்தைத் தாங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே எடுக்க இயலும்.

எதை இது சொல்லாது?

எந்த வைரஸ் என்பதை இது சொல்லாது. அதற்குச் சளி மாதிரிப் பரிசோதனை வேண்டும். இதயம் பலவீனமானாலும் பி-கோடுகள் தோன்றும். உறையைத் தொடாமல் ஆழத்தில் இருக்கும் பாதிப்பு தெரியாது. எனவே "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்ற ஒரு சொல்லை வைத்து நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்ல அவசரப்பட வேண்டாம். அதேபோல், கோடுகள் தெரிந்தன என்பதற்காக மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். ஆக்சிஜன் தேவைப்படாத கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் பயனளிக்கவில்லை என்பதை 2020இல் பிரிட்டனில் நடந்த ரிகவரி ஆய்வு காட்டியது.

"கருவி சிறியதுதானே, நடக்க முடியாத அப்பாவுக்கு வீட்டிலேயே வந்து பார்க்கக் கூடாதா?" என்றும் கேட்கின்றனர். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அல்ட்ராசவுண்ட் கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும். கையடக்கக் கருவிகளை வெளியே எடுத்துச் செல்லக் கடும் கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் மறுப்பது அலட்சியத்தால் அன்று.

எப்போது உடனே வர வேண்டும்?

நுரையீரல் வெகுவாகப் பாதிக்கப்பட்டும் மூச்சுத்திணறலை உணராதவர்கள் உண்டு. பனை ஏறிப் பழகிய உடல் என்பதால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரின் ஆக்சிஜன் அளவு 88 ஆக இருக்கக்கூடும். அவர் சொல்லை மட்டும் நம்பாமல் அளந்து பாருங்கள். நகப்பூச்சை அகற்றி, விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, கையை அசைக்காமல் ஒரு நிமிடம் பல்ஸ் ஆக்சிமீட்டரை வைத்திருக்க வேண்டும். அளவு 94க்குக் கீழ் இருந்தாலோ, பெரியவர் நிமிடத்திற்கு 24 முறைக்கு மேல் மூச்சு விட்டாலோ மருத்துவமனைக்கு வாருங்கள். குழந்தைகளுக்கு அளவு வேறு: இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமூச்சு.

உதடு நீலம் பூத்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, 90க்குக் கீழ் இறங்கினாலோ சொந்த வாகனம் தேட வேண்டாம். 108 ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் உண்டு. ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம். வரும்போது சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டுகளையும், முந்தைய இதயப் பரிசோதனை அறிக்கை இருப்பின் அதையும் எடுத்து வாருங்கள். திரையில் தெரியும் கோடுகள் நுரையீரலால் வந்தவையா, இதயத்தால் வந்தவையா என்பதைப் பிரித்தறிய அந்த அறிக்கை உதவும்.