ஸ்னாப்பர் வேட்டை: திரைக்குப் பின்னால் ஒரு எட்டு!

மீன் பிடிக்கப் போகிறவருக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி எதற்கு?

வெள்ளிக்கிழமை ராத்திரி. ஆக்லாந்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு கராஜ். யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் தூண்டில் கம்பின் வளையங்களுக்குள் பஞ்சுக்குச்சியை விட்டு ஒவ்வொன்றாகச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். நுனிக்குப் பக்கத்து வளையத்தில் பஞ்சு ஓர் இழை சிக்கி நின்றது. "இஞ்ச பார் பிள்ளை, கள்ளனைப் பிடிச்சிட்டன்!" என்று துள்ளாத குறை. வளையத்தின் உட்புறம் இருக்கும் பீங்கான் பட்டையில் விரிசல். கண்ணுக்குத் தெரியவில்லை, தடவிப் பார்த்தால் விரலுக்கும் அகப்படவில்லை. பஞ்சுக்கு அகப்பட்டுவிட்டது! பெரிய மீன் இழுக்கும்போது அந்த விரிசலில் உரசித்தான் நூல் அறுமாம். அறுந்ததும் நாம் நூல் கம்பெனியைத் திட்டுவோமாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடலுக்குப் போய் நாலு மீன் பிடிப்பதை வேடிக்கை பார்க்கலாம் என்று வந்தவளுக்கு, கராஜிலேயே படம் ஓட ஆரம்பித்துவிட்டது.

முதலில் கதாநாயகரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் ஸ்னாப்பர். மாவோரி மொழியில் தாமுரே. செம்பொன் உடம்பு, முதுகில் நீலப் பொட்டுகள், பார்வைக்கு நம்ம ஊர் சங்கராவின் பெரியப்பா மகன். ஆனால் குடும்பம் வேறு. ஜப்பான்காரர்கள் கல்யாண விருந்தில் வைத்துக் கொண்டாடும் 'மதாய்' மீனுக்குத்தான் இவர் நெருங்கிய சொந்தம். 60 வயது வரைகூட வாழ்வார். ஆக்லாந்துக்குக் கிழக்கே விரியும் ஹவுராகி வளைகுடா இவருடைய கோட்டை. பொழுதுபோக்காகக் கடலில் மீன் பிடிக்க நியூசிலாந்தில் லைசென்ஸே தேவையில்லை. ஆனால் இந்தப் பக்கத்துக் கடலில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 ஸ்னாப்பர்தான், ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். 2014 ஏப்ரலுக்கு முன்னால் இது 9 மீன், 27 சென்டிமீட்டர் என்று கொஞ்சம் தாராளமாக இருந்தது. பிடித்ததை விற்கக் கூடாது. நீளமும் குறையக் கூடாதே, அதனால் படகுகளில் அளவுகோல் ஒட்டியிருக்கும்.

இப்போது மேஜைக்கு வாருங்கள். ஐயோ, அந்த மேஜை! ஒரு பக்கம் ரப்பர் மீன்கள், பச்சை, இளஞ்சிவப்பு, மோட்டார் ஆயில் நிறம் என்று ஐந்து முதல் ஏழு அங்குலத்தில். இங்கே இவற்றை 'சாஃப்ட்பெய்ட்' என்கிறார்கள். இதன் பூர்வீகம் கடலே இல்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் ஊரில் நிக் கிரீம் என்பவர் 1949-ல் ஏரியில் வாழும் பாஸ் மீனை ஏமாற்றச் செய்த பிளாஸ்டிக் புழுவில் தொடங்கிய வம்சம் இது. நன்னீர் ஏரிக்காகப் பிறந்த சாமான், பசிபிக் கடலில் ஸ்னாப்பரை மயக்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே 'கபுரா', அதாவது ஈய உருண்டைத் தலையும் ரப்பர் குஞ்சங்களும் கொண்ட ஜப்பான் சாமான். மதாய்க்காகச் செய்தது, சொந்தக்காரர் ஸ்னாப்பரும் விழுந்துவிட்டார்.

தூண்டில் சாமானுக்கு இந்த ஊரிலும் பழைய கதை உண்டு. மாவோரிகள் எலும்பிலும் சிப்பியிலும் மரத்திலும் செய்த 'மதாவ்' என்ற தூண்டில் முள்களை ஆக்லாந்து அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பல முள்கள் ஏறக்குறைய முழு வட்டமாக வளைந்து, நுனி உள்பக்கம் திரும்பியிருக்கும். இதில் எப்படி மீன் மாட்டும் என்று ஆரம்பகால ஐரோப்பியர்களுக்கே சந்தேகம் வந்ததாம். மீன் கவ்விக்கொண்டு திரும்பும்போது முள் தானே சுழன்று தாடையில் போய்ப் பூட்டிக்கொள்ளும், நாம் வெடுக்கென்று இழுக்கவே வேண்டாம். இன்று கடைகளில் தொங்கும் வட்ட முள்ளும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மேஜைக்குத் திரும்புவோம். ரப்பர் மீன்களை வகைக்கொரு பையில் அண்ணன் ஏன் பிரித்துவைத்திருக்கிறார் தெரியுமா? இரண்டு வகை பிளாஸ்டிக்கை ஒரே டப்பாவில் போட்டால் சில சமயம் ஒன்றையொன்று உருக்கிப் பசையாகிவிடும். இன்னொரு வகை சாற்றில் ஊறிக்கொண்டே இருக்க வேண்டியது. மூடியைத் திறந்தால் வரும் நாற்றத்தைப் பற்றி எழுத என் ஆசிரியர் அனுமதிக்க மாட்டார். அதை முள்ளிலேயே மறந்து விட்டால் மறுநாள் கல்லாக இறுகியிருக்கும், கத்திதான் தேவைப்படும்.

அடுத்து முடிச்சு. ரீலில் இருப்பது பின்னல் நூல், தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அதன் நுனியில் ஒரு பாகம் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற தங்கூசி கட்டவேண்டும், ஏனென்றால் பாறையில் உரசினால் பின்னல் நூல் தாங்காது. இரண்டையும் இணைப்பதற்கு 'எஃப்ஜி' முடிச்சு. அண்ணன் பின்னல் நூலின் ஒரு முனையைக் கம்பில் இழுத்துக் கட்டினார், இன்னொரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டார். விறைத்து நின்ற அந்த நூலின்மேல் தங்கூசியை ஒருமுறை மேலாக, ஒருமுறை கீழாக, மாற்றி மாற்றி இருபது தடவை சுற்றினார். ஒவ்வொரு சுற்றும் முந்தையதை ஒட்டி உட்கார வேண்டும். பேச முடியாது, சிரிக்கக் கூடாது, பக்கத்தில் நிற்பவள் தும்மவும் கூடாது. கடைசியில் எச்சில் தொட்டு இறுக்கினார். சுற்றுகள் நிறம் மாறித் தங்கூசிக்குள் கடித்துக்கொண்டு பதிந்தன. முடிச்சு என்று சொல்ல ஒரு புடைப்புகூட இல்லை! இழுக்க இழுக்கத்தான் இறுகும். வளையங்களுக்குள் சத்தமே இல்லாமல் வழுக்கி ஓடும்.

விடிவதற்குள் ஹாஃப் மூன் பே சறுக்குத்துறைக்கு வந்துவிட்டோம். வண்டிகள் வரிசை கட்டி நிற்க, அண்ணனோ படகை இறக்காமல் தேநீர் குடிக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணா, இறக்கலையா?"

"ட்ரெய்லர் சில்லுத் தொட்டுப் பார். சூடு."

ஓடிவந்த சக்கரத்தின் பேரிங் சூடாக இருக்கும். அதை அப்படியே குளிர்ந்த கடலில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கும் காற்று உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஒரு கோப்பை தேநீர் நேரம் பொறுத்தால் ஒரு பேரிங் மிச்சம். அதே நேரத்தில் படகின் பின்பக்கம் குனிந்து ஓர் அடைப்பானைத் திருகி இறுக்கினார். படகைக் கழுவிய தண்ணீர் வடிவதற்கான ஓட்டை அது. மறந்துபோய் இறக்கினால், உள்ளிருந்து வெளியே வடிய வேண்டியது வெளியிலிருந்து உள்ளே வரும். உலகத்துச் சறுக்குத்துறைகள் எல்லாவற்றிலும் வருஷா வருஷம் அரங்கேறும் நகைச்சுவை நாடகம் இதுதான்.

தமாக்கி ஆற்று முகம் தாண்டி வளைகுடா விரிந்தது. இடது பக்கம் ரங்கிதோதோ, சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் வெடித்தெழுந்த எரிமலைத் தீவு. அதைத் தாண்டி மொதுதாப்பு, ராக்கினோ, நாய்சஸ் தீவுகள். இங்கே பெரிய வற்றுப்பெருக்கு நாளில் கடல்மட்டம் 3 மீட்டர் வரை ஏறி இறங்கும். சென்னையில் ஒரு மீட்டர்தான் இருக்கும். அத்தனை தண்ணீர் ஆறு மணி நேரத்துக்கொரு முறை தீவுகளுக்கு இடையே புகுந்து ஓடினால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தூண்டிலை நீட்டலாம் என்று நான் கையை நீட்டியபோது அண்ணன் சொன்னார்: "எறியிறது சின்ன வேலை. வள்ளத்தை எங்க விடுறதெண்டதுதான் வேலை."

அடுத்த அரை மணி நேரம் நான் பார்த்தது சர்க்கஸ். ஆழம் காட்டும் கருவியின் திரையில் ஒரு பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, தெரிந்தது, பத்து மீட்டர் ஆழத்தில், கரடுமுரடாக. நம்ம ஊர் மீனவர்கள் கரையில் தெரியும் கோபுரத்தையும் மலையையும் நேர்கோட்டில் வைத்து இதே மாதிரிப் பாரைக் கண்டுபிடிப்பார்கள். இங்கே செயற்கைக்கோள் காட்டிக் கொடுக்கிறது. அண்ணன் பாரின் விளிம்பைக் குறித்துக்கொண்டு, இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா நின்றார். படகு எந்தப் பக்கம் நகர்கிறது? காற்றும் நீவாடும் சேர்ந்து தள்ளும் திசை அதுதான். அந்தக் கோட்டிலேயே எதிர்ப்பக்கம் மேலேறிப் போனார். பத்து மீட்டர் ஆழத்துக்கு நாற்பது மீட்டர் கயிறு விடவேண்டும், அப்போதுதான் நங்கூரம் படுத்து மண்ணைக் கவ்வும். ஆக, நிற்க வேண்டிய இடத்துக்கு நாற்பது மீட்டர் மேலே நங்கூரத்தைப் போட வேண்டும். போட்டார். கயிறு ஓடி, படகு பின்வாங்கி, விறைத்து நின்றது. பின்பக்கம் பாரின் விளிம்புக்குச் சரியாக ஒரு வீச்சுத் தூரம்!

ஏன் இத்தனை பாடு? பின்னால் ஒரு பையில் 'பர்லி', அரைத்து உறையவைத்த மீன் கழிவு. அது கரைந்து நீவாட்டோடு போய் நேராகப் பாருக்குள் இறங்க வேண்டும். மணம் பிடித்து ஸ்னாப்பர் ஏறிவரும் வழியில், ஈயமே இல்லாமல் அல்லது பட்டாணி அளவு ஈயத்தோடு, மத்தி மீன் கோத்த முள் தானாக மிதந்து இறங்க வேண்டும். இதற்கு 'ஸ்ட்ரேலைன்' என்று பெயர். படகு இருபது மீட்டர் தள்ளி நின்றுவிட்டால் போச்சு, விருந்து ஒரு தெருவில், இலை இன்னொரு தெருவில். காற்று ஒரு பக்கமும் நீவாடு எதிர்ப் பக்கமும் இருந்தால் படகு குறுக்கே திரும்பி ஆடும், தூண்டில்களெல்லாம் பின்னிக்கொள்ளும். அப்படிப்பட்ட நேரத்தில் அண்ணன் இடத்தையே மாற்றிவிடுவார், வாதாட மாட்டார்.

நங்கூரத்திலும் ஒரு ரகசியம். சங்கிலியை நங்கூரத்தின் தலையில் கட்டவில்லை, அடிப்பக்கத்தில் கட்டியிருக்கிறார். பிறகு சங்கிலியைத் தண்டோடு கொண்டுவந்து தலைப்பக்கத்தில் ஒரே ஒரு பிளாஸ்டிக் டையால் பிணைத்திருக்கிறார். வீட்டில் வயரை ஒழுங்குபடுத்துவோமே, அதே டை! சாதாரணமாக இழுத்தால் தலைப்பக்கம் வரும். பாறையில் சிக்கிக்கொண்டால் படகை முன்னே செலுத்தி ஓங்கி இழுக்க வேண்டும். டை அறுந்து, இழுவை அடிப்பக்கத்துக்கு மாறி, நங்கூரம் பின்பக்கமாகக் கழன்று வந்துவிடும். சில காசு டை ஒன்று ஒரு நங்கூரத்தைக் காப்பாற்றுகிறது. எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டியும் விட்டேன்.

மேலே வந்த நங்கூரத்தை அண்ணன் உடனே உள்ளே எடுத்துவிடவில்லை. சங்கிலிக் கண்ணிகளைத் தடவித் தடவிப் பார்த்தார். வெளிநாட்டுக் கடற்பாசியான கௌலெர்ப்பா 2021-ல் கிரேட் பேரியர் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு வைஹெகே, கவாவ் பக்கமும் தலைகாட்டியது. ஒரு துணுக்கு போதும், போன இடத்தில் முளைத்துப் படர்ந்துவிடும். அது பரவிய சில விரிகுடாக்களில் நங்கூரம் போடவே தடை. பாசி ஏதும் ஒட்டியிருந்தால் பையில் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்து குப்பையில் போட வேண்டும். மீன்பிடி சாமானைச் சுத்தமாக வைத்துக்கொள்வது இங்கே வளைகுடாவின் தலையெழுத்தோடு சம்பந்தப்பட்ட காரியமாகிவிட்டது.

ரப்பர் மீனுக்கு வேறு தாளம். நங்கூரம் வேண்டாம், படகு மிதந்து போக வேண்டும், ஆனால் மெதுவாக. அதற்கு ஒரு துணிப் பாராசூட்டைத் தண்ணீரில் இறக்கிவிடுகிறார்கள். அது விரிந்து பிடித்துக்கொள்ளும். படகு போகும் திசையிலேயே முன்னால் வீச வேண்டும். படகு நெருங்குவதற்குள் ரப்பர் மீன் தரை தொட்டிருக்கும்.

பக்கத்துப் படகில் இரண்டுமே இல்லை! மூக்கில் ஒரு மின்மோட்டார், பொத்தானைத் தட்டினால் செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில் தானே நிற்கும். இதுவும் அமெரிக்க ஏரிகளிலிருந்து வந்த விருந்தாளிதான். மின்கோட்டா என்ற கம்பெனி 1934-ல் இதை ஆரம்பித்தபோது ஏரிப் படகைச் சத்தமில்லாமல் நகர்த்துவதே நோக்கம். கடற்பாசித் தடை உள்ள இடங்களில் கடலடியைத் தொடாமல் நிற்க இது வசதி. எனக்கென்னவோ அந்த நாற்பது மீட்டர் கணக்குதான் பிடித்திருக்கிறது.

திடீரென்று தூரத்தில் வெள்ளைப் பறவைகள் வானத்திலிருந்து கொட்டின! கானெட் பறவைகள், இறக்கையை மடித்துக்கொண்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கடலைத் துளைக்கின்றன. கீழிருந்து டால்பின்கள் நெத்திலிக் கூட்டத்தை மேலே விரட்ட, சில நாட்களில் பிரைட் திமிங்கிலமும் வாயைப் பிளந்துகொண்டு வருமாம். சிதறி விழும் துணுக்குகளுக்காக ஸ்னாப்பர்கள் அடியில் காத்திருக்கும். நான் "நடுவுல போங்க அண்ணா!" என்று கத்தினேன். அண்ணன் போகவில்லை. கூட்டம் நகர்ந்துவிட்ட இடத்தின் ஓரமாகப் போய் கபுராவை இறக்கினார். திமிங்கிலத்திடமிருந்து 50 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், 300 மீட்டருக்குள் மூன்று படகுகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், விருந்து முடிந்த இடத்தில்தான் ஸ்னாப்பர் பொறுக்கிக்கொண்டிருக்கும் என்றார். ரீல் கிறீச்சிட்டது. அண்ணன் சிரித்தார்.

வீடு திரும்பியதும் எல்லோரும் சோபாவில் விழுவார்கள் என்று நினைத்தேன். இல்லை, குழாயடிக்கு! இன்ஜின் தண்ணீர் உறிஞ்சும் துவாரங்களில் ரப்பர்க் கிண்ணங்களை மாட்டி, நல்ல தண்ணீரைப் பத்து நிமிடம் ஓடவிட்டார். ரீல்களை மட்டும் பீய்ச்சி அடிக்கவில்லை. பீய்ச்சினால் உப்பு இன்னும் உள்ளே போய்விடும். முதலில் ரீலின் பிரேக்கை இறுக்கிப் பூட்டினார், தண்ணீர் உள்தட்டுகளுக்குள் புகாமல் இருக்க. பூந்தூறலாகக் கழுவினார், துடைத்தார். காய்ந்ததும் அதே பிரேக்கை முழுக்கத் தளர்த்திவிட்டார், தட்டுகள் நசுங்கிக் கிடக்காமல் இருக்க. கழுவும்போது இறுக்கு, தூங்கும்போது தளர்த்து. இதை மாற்றிச் செய்கிறவர்களால்தான் ரீல் பழுதுபார்ப்பவர்கள் பிழைக்கிறார்களாம்.

மீன் வெட்டும்போதுதான் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு படபடத்தது. இந்த ஊரில் பலர் இரண்டு பக்கச் சதையை மட்டும் சீவிக்கொண்டு, தலையையும் நடுமுள்ளையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஸ்னாப்பர் தலையை! கன்னச்சதையோடு! நல்லவேளையாக 2016-ல் 'கை இகா' என்ற திட்டம் வந்தது. ஓக்காஹு விரிகுடாவில் இருக்கும் அவுட்போர்டு போட்டிங் கிளப், லெகாசீ அமைப்பு, மாங்கெரேயில் உள்ள பாப்பாதூவானூகூ கோக்கிரி மராயே (மாவோரி சமூகக்கூடம்) மூன்றும் கைகோத்து, ஒதுக்கப்படும் தலைகளையும் முள்களையும் சேகரித்து, அவற்றின் அருமை தெரிந்த மாவோரி, பசிபிக் தீவுக் குடும்பங்களுக்குக் கொண்டுசேர்க்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் மீன் தலைகளை ஒரு வாளியில் போட்டு வேலிமேல் நீட்டினார், வேண்டுமா என்று கேட்டபடி. அண்ணனின் மனைவி ஏற்கெனவே புளியை ஊறவைத்திருந்தார்.