வீட்டில் கற்றவளுக்குச் சான்று யார்?

பள்ளிக்கூடத்து வாசற்படியை ஒருநாளும் மிதித்தறியாத ஒருவர் பல்கலைக்கழக வாசலில் வந்து நின்றால், அவர் கற்ற கல்விக்குச் சான்று பகர்வோர் யார்? அதிபரின் கையொப்பம் இல்லை. புள்ளிப் பத்திரம் இல்லை. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று சொல்ல வகுப்பே இல்லை. அமெரிக்காவில் இது வெறுங் கற்பனை வினா அன்று. பெற்றோரே பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிப்பது 1993ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களிலும் சட்டத்துக்கு இசைந்ததாயிற்று. ஆனால், அங்கே கல்லூரிக் கல்வி பெரும் விலையுடையது. அனுமதி பெறுவது பாதி வெற்றி. பணம் பெறுவதே மறுபாதி.

இதன் இன்னல்களை அறிய விரும்புவோர் தாரா வெஸ்டோவர் என்னும் பெண்மணியின் வரலாற்றைப் படித்தல் நன்று. 2018இல் வெளிவந்த ‘எடியுகேட்டட்’ என்னும் நூலில் அவரே அதனை எழுதியுள்ளார். 1986இல் ஐடஹோ மாநிலத்தின் மலைப்புறத்திலே பிறந்தவர். ஏழு பிள்ளைகளுள் கடைக்குட்டி. தந்தையார் பழைய இரும்பு சேர்த்து விற்பவர்; அரசாங்கத்தையோ அதன் பள்ளிகளையோ நம்பாதவர். ஒன்பது வயது வரை மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்கூட இல்லை. பெயரளவில் அது வீட்டுக் கல்வி. ஒழுங்கான பாடம் நடந்ததோ குறைவு.

முன்னரே கல்லூரி சென்ற தமையனார் ஒருவர் தூண்ட, தாரா தாமே கணிதம் பயின்று ‘ஏ.சி.ரி.’ என்னும் நுழைவுப் பரீட்சைக்குத் தோற்றினார். முதன்முறை 22 புள்ளி, போதவில்லை. மறுமுறை 28. பிரிகாம் யங் பல்கலைக்கழகம் பதினேழு வயதில் அவரை ஏற்றுக்கொண்டது. சான்று பகர எவருமில்லாத இடத்தில் அந்த எண்ணே சாட்சியாய் நின்றது.

ஆயினும் பணத் துன்பம் விடவில்லை. கொடிய பல்வலி வேறு. வைத்தியத்துக்கு 1,400 டொலர் வேண்டும். அரசாங்க உதவிக்கு விண்ணப்பிக்குமாறு திருச்சபைப் பெரியவர் ஒருவர் வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. அரசின் பணத்தைத் தொடலாகாது என்ற தந்தையாரின் போதனை நெஞ்சில் அத்துணை ஆழமாய் வேரூன்றியிருந்தது. ஈற்றில் விண்ணப்பித்தார், 4,000 டொலருக்குக் காசோலை வந்தது. ‘இவ்வளவு வேண்டாம், 1,400 போதும்’ என்று திருப்பிக் கொடுக்க முயன்றாராம்! அந்தப் பணம் பல்வலியை மட்டும் தீர்க்கவில்லை. கவலையின்றிப் புத்தகத்தைத் திறக்கும் நாளையும் கொணர்ந்தது. பின்னர் கேட்ஸ் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார்; 2014இல் வரலாற்றில் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அவருக்குக் கைகொடுத்தது ‘பெல் நன்கொடை’. 1972இல் தோன்றி, 1980இல் செனற்றர் கிளைபோர்ன் பெல் அவர்களின் பெயரைச் சூடிய உதவி அது. வறிய குடும்பத்து மாணவருக்குரியது. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. 2024-25ஆம் கல்வியாண்டில் அதன் உச்சத் தொகை 7,395 டொலர். மாநிலச் சட்டப்படி வீட்டிலே கல்வியை நிறைவு செய்தோரும் மத்திய அரசின் உதவிக்கு உரியவரே என்பதை 1998ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தெளிவுபடுத்திற்று.

கல்லூரிகள் தாமே வழங்கும் பரிசில்களுக்கோ சான்றுகள் வேண்டும். ஆகவே விவேகமுள்ள பெற்றோர், படித்த நூல்கள், எழுதிய கட்டுரைகள், பெற்ற புள்ளிகள் யாவற்றையும் ஆண்டுதோறும் பதிந்து வைப்பர். அயலிலுள்ள கல்லூரியில் ஒரு பாடமாவது பயிலச் செய்து, வெளி ஆசிரியர் ஒருவரின் நற்சான்றையும் பெறுவர். 1955இல் தொடங்கிய தேசியத் திறமைப் புலமைப்பரிசிலுக்குக்கூட, அருகிலுள்ள பள்ளியொன்றில் பரீட்சை எழுதி வீட்டு மாணவர் போட்டியிடலாம். கடைசி ஆண்டில் விழித்தெழுவோர் பிந்தியவராவர்.

எனினும், சட்டம் திறந்து வைத்த கதவு திறந்திருப்பதை அறியாத பிள்ளைக்கு அது மூடிய கதவே. தாராவுக்குத் தமையனார் ஒரு சொல் சொன்னார். திருச்சபைப் பெரியவர் மறுசொல் சொன்னார். அவ்விரு சொற்களும் இல்லையேல் அந்தக் கலாநிதி இன்று இல்லை. கேட்க வெட்கித் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகள் எந்நாட்டிலும் உளர். கொடுப்பது ஒரு கொடை. கொடுப்பாரைக் காட்டுவதும் கொடையே. பின்னது ஆசிரியர் எவராலும் இயலும்.