ஜே.இ.இ. முடிந்தது, கவுன்சிலிங்குக்குத் தயாரா?

உதகை காந்தலில் மே 3 குருசடித் திருவிழா. அந்தக் கூட்டம் கலைந்த சில நாளில் பிளஸ் 2 முடிவு வந்துவிடுகிறது. 2024-இல் மே 6, 2025-இல் மே 8. ஏப்ரலில் எழுதிய ஜே.இ.இ. மெயின் தேர்வின் மதிப்பெண் அதற்கு முன்பே கைக்கு வந்திருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு வீட்டில் கூட்டல் கழித்தல் நடக்கும். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு கல்லூரியின் பெயரைச் சொல்வார்கள். இத்தனை பேச்சுக்கு நடுவே, அடுத்த மூன்று மாதத்தில் எந்தத் தேதியில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் தாளில் எழுதி வைத்திருப்பதில்லை. மதிப்பெண் இருந்தும் இடத்தைக் கோட்டைவிடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

2024-இல் நடந்ததைச் சொன்னால் புரியும். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறி, தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் இடம் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஜூன் 24 மாலை 5 மணி கடைசி நேரம். அப்பா ஊரில் கேட்டுப் புரட்டிப் பணம் சேர்த்தபோது 5 மணிக்குச் சில நிமிடங்களே இருந்தன. ஆவணங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இணையதளம் மூடிக்கொண்டது, இடம் போனது. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார்கள். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரமான 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. எல்லா வீட்டாராலும் உச்ச நீதிமன்றம் வரை போக முடியாது.

தமிழ்நாட்டில் இரண்டு தண்டவாளங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கும் அதனோடு இணைந்த மற்றக் கல்லூரிகளுக்கும் பிளஸ் 2 மதிப்பெண் மட்டுமே. 1984 முதல் இங்கும் பொறியியல் நுழைவுத் தேர்வு இருந்தது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்த நகரத்துப் பிள்ளைகளுக்கே அது சாதகம் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டி இயற்றப்பட்ட சட்டம் 2007-இல் நடைமுறைக்கு வந்ததும் நுழைவுத் தேர்வு நின்றது. இப்போது கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப்.

இங்கே பல வீடுகள் செய்யும் தவறு, ஒரு தண்டவாளத்தில் ஏறியதும் மற்றதை மறந்துவிடுவது. 2025-இல் மத்திய நிறுவனங்களுக்கான ஜோசா கலந்தாய்வு ஜூன் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கான பதிவு முடிந்ததும் அதே ஜூன் முதல் வாரம்தான். 'ஐ.ஐ.டி. கிடைக்கிறதா பார்ப்போம், பிறகு பதிந்துகொள்ளலாம்' என்று காத்திருப்பவர்களுக்கு இரண்டும் இல்லாமல் போகலாம். தமிழ்நாட்டுப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 250. இந்தப் பணத்தைக் காப்பீடு என்று நினைத்துக் கட்டிவிடுவதே நல்லது.

ஜே.இ.இ. மெயின் முடிவில் வரும் பெர்சன்டைல் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். 90 பெர்சன்டைல் என்றதும் 90 மதிப்பெண் என்று வீட்டில் மகிழ்ந்துவிடுகிறார்கள். தேர்வு எழுதிய நூறு பேரில் தொண்ணூறு பேர் இவருக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். 2025-இல் எழுதியவர்கள் பதினான்கு லட்சத்துக்கும் மேல். அப்படியென்றால் 90 பெர்சன்டைல் எடுத்தவருக்கு முன்னால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் நிற்கிறார்கள். பொதுப்பிரிவில் அந்த இடத்தில் நிற்பவருக்குத் திருச்சி என்.ஐ.டி.யில் கணினிப் பொறியியல் கிடைக்காது. அதே சமயம், இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் நிலைமை வேறு. 2024-இல் பச்சைமலையைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருவர் 73.8 பெர்சன்டைல் எடுத்து அதே திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் சேர்ந்தார். அரசு பழங்குடியினர் பள்ளியில் படித்தவர். அவருடைய கல்விச் செலவைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. தோடர், கோத்தர், குரும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் நீலகிரியில் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டிய வீடுகள் நிறைய.

என்.ஐ.டி.க்களில் பாதி இடம் சொந்த மாநிலத்தாருக்கு. சொந்த மாநிலம் எது என்பதை முடிவுசெய்வது, பிளஸ் 2 எந்த மாநிலத்தில் எழுதினார் என்பது. பூர்வீகமோ ரேஷன் அட்டையோ இதில் பேசாது. எல்லையோரக் கூடலூரிலிருந்து வயநாட்டுப் பள்ளிக்குப் போய்ப் பிளஸ் 2 முடித்த பிள்ளை, என்.ஐ.டி. கணக்கில் கேரளப் பிள்ளை. தமிழ்நாட்டுக் கலந்தாய்வு இதை வேறு மாதிரி பார்க்கிறது: 8 முதல் 12 வரை இங்கே படித்திருந்தால் இருப்பிடச் சான்று தேவையில்லை, வெளியே படித்திருந்தால் அந்தச் சான்றை வாங்கியாக வேண்டும்.

இனி சான்றிதழ்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

பத்தாம் வகுப்பிலேயே வாங்கி வைத்த சாதிச் சான்றிதழ் பீரோவில் இருக்கும். அது தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்குப் போதும். ஜோசாவுக்குப் போதாது. பிற்படுத்தப்பட்டோருக்கு அங்கே வேண்டியது மத்திய அரசின் படிவத்தில், 'வளமான பிரிவில் வராதவர்' என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்று; அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருடத்துச் சான்றை ஏற்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்றும் இல்லை. அதைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தருவார். விசாரணை உண்டு என்பதால் நாள் பிடிக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்ததுமே வேலை முடிந்துவிடாது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஒவ்வொரு மேசையாக அது நகர வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும், இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தாலும், திரும்ப முதல் மேசைக்கு.

குடும்பத்தில் பட்டம் பெற்றவர் யாரும் இல்லை என்றால் முதல் பட்டதாரி சான்று வாங்கலாம். கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி குறையும். ஆனால் தமிழ்நாட்டின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வந்த இடத்துக்கே இந்தச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது.

7.5 சதவீத ஒதுக்கீடு பற்றி உதகையில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. 2021 சட்டப்படி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே அது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. மலையில் திருச்சபைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் பழையவை, பெயர் பெற்றவை. கட்டணமும் குறைவு என்பதால் பெற்றோர் அவற்றையும் அரசுப் பள்ளி மாதிரியே நினைக்கிறார்கள். ஒதுக்கீட்டுக்கு அவை கணக்கில் வராது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தில் மட்டும், 2024-25 முதல் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவிகளையும் சேர்த்திருக்கிறார்கள். மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் அந்த ஆண்டுதான் தொடங்கியது.

தமிழ்நாட்டுக் கலந்தாய்வின் தரவரிசைப் பட்டியல் வந்தபின் நடப்பது சாய்ஸ் ஃபில்லிங். 2025-இல் பட்டியலில் இடம்பெற்றவர்கள் 2.4 லட்சம் பேர். 200-க்கு 200 எடுத்தவர்களே நூறு பேருக்கு மேல். அதனால் அரை மதிப்பெண்ணில் வரிசை ஆயிரக்கணக்கில் நகரும். தன் சுற்று வந்ததும் மூன்று நாள் அவகாசம். அதற்குள் விருப்பப் பட்டியலை ஏற்றிப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிக்கு 2006. பெயரை நம்பாமல் எண்ணைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், ஒரே சாமி பெயரிலும் ஒரே தலைவர் பெயரிலும் தமிழ்நாட்டில் அத்தனை கல்லூரிகள். பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் அது அரசு உதவிபெறும் கல்லூரிக்குள்ளேயே நடக்கும் சுயநிதிப் பிரிவு. வளாகம் ஒன்று, கட்டணம் வேறு. இதைக் கவனிக்காமல் போட்டுவிட்டுச் சேர்க்கை நாளன்று திகைத்து நிற்கும் அப்பாக்களை வருடாவருடம் பார்க்கலாம்.

வரிசை முக்கியம். உண்மையிலேயே ஆசைப்படுவது மேலே, கிடைத்தால் போதும் என்பது கீழே. 'நம் ரேங்குக்கு அது வராது' என்று தாமாகவே வெட்டிக்கொள்ள வேண்டியதில்லை. வராவிட்டால் கணினி அடுத்ததற்குத் தானே போய்விடும். ஆனால் சேர மனமில்லாத இடத்தைப் பட்டியலை நிரப்புவதற்காகப் போடக் கூடாது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பதா, மறுப்பதா என்று கேட்கும். ஏற்றுக்கொண்டு காத்திருப்பவருக்கு மேலே உள்ள இடம் வந்துவிட்டால், கையில் இருந்த பழைய இடம் போய்விடும். முதல் விருப்பம் உதகையிலிருந்து எண்பத்தைந்து கிலோமீட்டரில் உள்ள கோவையா, சென்னையா என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய நேரம், இந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு.

காந்தல் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல், வானம். கலந்தாய்வு நடக்கும் ஜூலையும் ஆகஸ்டும் தென்மேற்குப் பருவமழைக் காலம். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மரம் விழுந்தால் மின்சாரம் போகும், டவர் போகும், ஓ.டி.பி. வராது. சமவெளிப் பிள்ளை கடைசி நாள் மாலையில் செய்வதை மலைப் பிள்ளை முதல் நாள் காலையில் செய்துவிட வேண்டும். பதிவில் கொடுக்கும் கைப்பேசி எண் வீட்டில் நிரந்தரமாக இருப்பவருடையதாக இருக்கட்டும். கணினி மையத்துக்காரர் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டுப் பிறகு அவரைத் தேடி அலையக் கூடாது.

எந்தப் பாடம் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில், கம்ப்யூட்டர். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பெயர் தெரியாத கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு என்ற பலகைக்காகச் சேர்வதைவிட, 1945-இல் தொடங்கிய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் சிவிலோ எலெக்ட்ரிகலோ படிப்பது மேல் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆய்வகமும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் புதுப் பெயரால் ஆவது ஒன்றுமில்லை. நீலகிரிப் பிள்ளைக்குச் சிவிலும் எலெக்ட்ரிகலும் அந்நியமும் அல்ல. 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காரா இங்கே இருக்கிறது, குந்தா அணைகள் இங்கே இருக்கின்றன. உதகைக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவையே அடித்தளமாக்கி 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஒத்த சாய்வுள்ள சரிவைத் தேடிப் பிடித்ததால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இந்தியப் பொறியாளர்களே வடிவமைத்து 1970-இல் முடித்தார்கள்.

கட்-ஆஃப் குறைந்தவர்களுக்கும் வழி அடைபடவில்லை. துணைக் கலந்தாய்வு உண்டு. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். கட்டிடக்கலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு நாட்டா தேர்வு தனி. பெட்டி பெட்டியாக விளம்பரம் செய்யும் தனியார் பல்கலைக்கழகங்கள், கலந்தாய்வு தொடங்கும் முன்பே 'இன்றே கட்டினால் இடம் உறுதி' என்று தொலைபேசியில் துரத்தும். அவசரப்பட வேண்டாம்.

ஏற்கெனவே ஓரிடத்தில் பணம் கட்டிவிட்டு வேறு இடம் கிடைத்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி, குறித்த கடைசித் தேதிக்கு முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கல்லூரி திருப்பித் தர வேண்டும். மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் கிடையாது. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையுடன் நகல் வாங்குங்கள், மறுத்தால் ஏ.ஐ.சி.டி.இ.க்குப் புகார் அனுப்புங்கள்.