இந்துலேகாவும் அவளை ஆட்சேபித்தவர்களும்

மலையாள பாஷையில் 1889-ம் வருஷம் வெளிவந்த 'இந்துலேகா' என்னும் நாவலின்மீது எழுந்த ஆட்சேபங்களுள் தலையாயது, இப்படிப்பட்ட பெண் மலையாள தேசத்தில் இல்லை என்பதே. இங்கிலீஷ் கற்று, தகுந்த வயதுவரை விவாகமின்றியிருந்து, பாட்டன் கொண்டுவந்த செல்வந்தரான வரனை மறுத்து, தான் காதலித்த மாதவனையே வரிப்பேனென்று நிற்கும் நாயர்ப் பெண்ணை யார் கண்டார்கள் என்றனர். ஆயினும் புஸ்தகத்தை எவரும் வாங்காமல் விட்டாரில்லை. முதற் பதிப்பு மூன்றே மாதங்களில் செலவாகிவிட்டது.

ஆசிரியர் ஒ. சந்து மேனன் அப்போது பரப்பனங்காடியில் முன்சீப். இங்கிலீஷ் நாவல்களைப் போன்றதொன்றைத் தம் தாய்மொழியில் படிக்கவேண்டுமென்று அவர் மனைவியார் ஆவல் கொண்டிருந்தார். டிஸ்ரேலியின் நாவலொன்றை மொழிபெயர்க்க முயன்று, அது ஒவ்வாமற்போகவே, ஜூன் 11-ந் தேதி சொந்தக் கதையைத் தொடங்கி ஆகஸ்டு 17-ந் தேதி முடித்துவிட்டார். இதைவிட அதிக காலம் பிடித்த ஜட்ஜ்மெண்டுகளை நாம் அறிவோம்!

ஆட்சேபத்திற்கு அவர், நாவலை இங்கிலீஷில் பெயர்த்த டூமர்க் துரைக்கு எழுதிய கடிதத்தில் விடையிறுத்தார். அழகிலும் குணத்திலும் அறிவிலும் இந்துலேகாவை நிகர்த்த நாயர்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. இங்கிலீஷ் ஞானம் ஒன்றே தாம் கூட்டியது. அதையும் பெற்றவள் கணவனைத் தேர்வது போன்ற காரியங்களில் எப்படி நடப்பாளென்று காட்டுவது தம் நோக்கங்களுள் ஒன்று என்றார்.

விடை சாமர்த்தியமானதே. ஆனால் இங்கிலீஷுக்கு அவர் கொடுத்த மதிப்பு அதிகமென்பது நமது அபிப்பிராயம். அக்காலத்து மருமக்கட்டாய வழக்கப்படி நாயர்ப் பெண் பிறந்த தறவாட்டிலேயே வாழ்ந்தாள். சோற்றுக்குக் கணவன் கையை எதிர்பார்த்தாளில்லை. மனம் ஒவ்வாத சம்பந்தத்தை விலக்கவும் அவளுக்கு வழியிருந்தது. இச்சுதந்திரத்தைக் கற்பின்மையென மாதவன் பழிக்கத் துணியும்போது இந்துலேகா சினந்து மறுக்கிறாள். அந்தச் சினம் இங்கிலீஷ் பாடப்புஸ்தகத்திலிருந்து வந்ததன்று.

ஆனால் அதே வீட்டில், அதே வழக்கத்தின்கீழ் கல்யாணிக்குட்டி என்றொரு சிறு பெண்ணும் இருந்தாள். இந்துலேகாவிடம் தோற்ற சூரி நம்பூதிரிப்பாடு வெறுங்கையுடன் திரும்ப வெட்கி, அவளைச் சம்பந்தம் செய்து அழைத்துப்போகிறார். அவள் சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை. உரிமை இருவருக்கும் இருந்தது. அதை எடுத்துச் சொல்லும் கல்வியையும், மதித்து வளர்த்த ஒரு மாமனையும் பெற்றவள் இந்துலேகா ஒருத்தியே. அந்தக் கல்வி மலையாளத்திலேயே கிட்டியிருந்தால் குறைந்துபோயிராது.

நம்பூதிரிகளை இழிவுபடுத்தியதாகவும் குறை கூறினர். விவேகியான செறுசேரி நம்பூதிரியும் கதையில் இருக்கிறாரென்பது ஆசிரியர் சமாதானம். காங்கிரஸையும் நாஸ்திகத்தையும் பற்றித் தர்க்கம் நிகழும் பதினெட்டாம் அத்தியாயமோ காதற்கதை நாடியவர்களுக்குச் சுமையாயிற்று. பிற்காலப் பதிப்புகள் சில அதை விட்டேவிட்டன. ராஜீய விஷயங்களில் சிரத்தையுள்ள நமக்கு அதுவே முதலில் தேடிப் படிக்கத்தக்க பகுதி.

1891-ல் ஸர் டி. முத்துசாமி ஐயர் தலைமையில் மலபார் விவாகக் கமிஷன் அமைந்தது. சந்து மேனன் அதில் ஓர் அங்கத்தினர். சம்பந்தம் சட்டப்படி விவாகமன்று என்று கோர்ட்டுகள் கூறிவந்தன. அது விவாகமேயாகும், புதுச் சட்டம் வேண்டுவதில்லை என்று அவர் வாதித்தார். 1896-ல் சட்டம் வந்தபோது சம்பந்தங்களைப் பதிவு செய்துகொண்டவர் வெகு சிலரே. ஜாதி வழக்கத்தை அந்நியர் இகழ்ந்தபோது அவர் எதிர்த்து நின்றது நமக்கு உவப்பே. ஆயினும் அக்கமிஷன்முன் கல்யாணிக்குட்டியைச் சாக்ஷிக்கூண்டில் ஏற்றியிருந்தால், முன்சீப் அவளை என்ன கேட்டிருப்பார்? இந்துலேகா இருக்கக்கூடுமா என்று வாதித்த வாசகர்களும் கல்யாணிக்குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதாக நாம் காணோம்.