கல்லான மரம் தெரியும், காற்றான கல் தெரியுமா? நம்ம மொட்டை மாடிக்கு வருமா ஏரோஜெல்?

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் உள்ள சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பகுதி கடலாக இருந்த காலத்தில் மண்ணுக்குள் புதைந்த மரம் அது. நீளம் 18 மீட்டர். நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் மெல்ல மெல்லப் படிந்து, கடைசியில் மரமே கல்லாகிவிட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் இதை அடையாளம் கண்டார்.

அதே சிலிக்காவை வைத்து இதற்கு நேரெதிரான ஒரு பொருளையும் செய்யலாம். உள்ளே கல்லை நிரப்பாமல், காற்றை நிரப்புவது. அதுதான் ஏரோஜெல்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

பார்ப்பதற்கு லேசான நீல நிறப் புகையை வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். வானம் நீலமாகத் தெரிவதற்கு என்ன காரணமோ, ஏறக்குறைய அதேதான் இதற்கும்: நுண்ணிய அமைப்பு, நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. இதில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் காற்று. மிச்சம்தான் சிலிக்கா எலும்புக்கூடு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ இருக்கும். அதே அளவுள்ள சாதாரண சிலிக்கா ஏரோஜெல் 100 கிராம் அளவில்தான் இருக்கும்.

முக்கியமான குணம், வெப்பத்தைத் தடுப்பது. பிளாஸ்க், ஸ்வெட்டர், தெர்மாகோல் எல்லாம் செய்யும் வேலைதான். தெர்மாகோலும் ஸ்வெட்டரும் காற்றை அடைத்து வைத்துத்தான் வெப்பத்தைத் தடுக்கின்றன. ஆனால், ஏரோஜெல்லின் துளைகள் ரொம்பச் சின்னவை. பெரும்பாலும் 50 நானோமீட்டருக்கும் குறைவு. ஒரு காற்று மூலக்கூறு இன்னொன்றின் மீது மோதுவதற்குச் சராசரியாக 70 நானோமீட்டர் போக வேண்டும். அதற்குள் சுவர் வந்துவிடும்! வெப்பத்தை அடுத்த மூலக்கூறுக்குக் கைமாற்றிவிட வழியில்லை. அதனால்தான், அசையாத காற்றைவிடவும் இது நன்றாக வெப்பத்தைத் தடுக்கிறது.

செய்வதில் என்ன சிக்கல்?

முதலில் ஜெல்லி மாதிரி ஒரு சிலிக்கா ஜெல் செய்ய வேண்டும். பிறகு அதிலுள்ள திரவத்தை எடுக்க வேண்டும். சும்மா காயவைத்தால் என்ன ஆகும்? கோடையில் பெரம்பலூர் கரிசல் காட்டைப் பாருங்க. ஈரம் வற்ற வற்ற மண் சுருங்கி, பாளம் பாளமாக வெடிக்கும். ஜெல்லுக்கும் அதே கதிதான். வெளியேறும் திரவம் துளைச் சுவர்களை உள்பக்கமாக இழுத்துச் சுருக்கிவிடும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர். 1931-ல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார். குறிப்பிட்ட வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாண்டினால், திரவம், வாயு என்ற வித்தியாசமே மறைந்துவிடும். அந்த நிலையில் வெளியேற்றினால் இழுவிசை இருக்காது, எலும்புக்கூடு அப்படியே நிற்கும். இன்று இதற்குக் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்துகிறார்கள். தேவையான வெப்பம் 31 டிகிரி செல்சியஸ். நம்ம ஊர் வெயிலுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அழுத்தம், வளிமண்டலத்தைப் போல 73 மடங்கு! அதற்கான கலன்களும் நேரமும்தான் விலையை ஏற்றுகின்றன.

எங்கெல்லாம் பயன்படுகிறது?

நாசாவின் ‘ஸ்டார்டஸ்ட்’ விண்கலம் 2004-ல் வைல்ட்-2 வால்நட்சத்திரத்தின் அருகே பறந்து, நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் வந்த தூசுகளை ஏரோஜெல்லில்தான் பிடித்தது. 2006-ல் அவை பூமிக்கு வந்தன. செவ்வாயில் ஓடிய ரோவர்களின் மின்னணுக் கருவிகளைக் குளிரிலிருந்து காத்ததும் இதுவே. இந்தியாவில், திருவனந்தபுரத்தில் உள்ள இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் சிலிக்கா ஏரோஜெல்லை உருவாக்கியிருக்கிறது. சியாச்சின் குளிரில் நிற்கும் ராணுவ வீரர்களின் உடைகளுக்கும் இது உதவும் என்று கருதப்படுகிறது.

தனி ஏரோஜெல் எளிதில் நொறுங்கிவிடும். அதனால் நார்களோடு சேர்த்துப் போர்வை மாதிரி செய்து, சுத்திகரிப்பு ஆலைகளில் சூடான குழாய்களைச் சுற்றுகிறார்கள்.

நம்ம ஊருக்கு என்ன பயன்?

சிமென்ட் ஆலைகள் நிறைந்த அரியலூரை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல்லைக் கிளிங்கராக மாற்றச் சூளைக்குள் சுமார் 1,450 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்குள் ஏரோஜெல் வேலைக்கு ஆகாது. 650 டிகிரியைத் தாண்டினாலே சிலிக்கா ஏரோஜெல்லின் துளைகள் சுருங்கத் தொடங்கிவிடும். அங்கே தீச்செங்கல்தான். ஆனால், இதுபோன்ற ஆலைகளில் அந்த அளவு சூடாகாத குழாய்கள் வழியாக வீணாகும் வெப்பத்தை இது தடுக்க முடியும். மிச்சமாகும் வெப்பம் என்பது மிச்சமாகும் எரிபொருள்.

சரி, மே மாத இரவிலும் தகிக்கும் நம்ம கான்கிரீட் வீடு? கணக்குப்படி, ஒரு செ.மீ. ஏரோஜெல் போர்வை சுமார் 70 செ.மீ. கான்கிரீட் அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால், தெர்மாகோலைவிட இது சுமார் இரண்டு மடங்குதான் மேல். மொட்டை மாடியில் இடத்துக்குப் பஞ்சமில்லையே! அதே பலனை மலிவான பொருளைத் தடிமனாகப் போட்டே பெறலாம். வெள்ளை கூல் ரூஃப் பூச்சு, செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டுப் பதிக்கும் தட்டோடு ஆகியவை இன்றைக்கும் கட்டுப்படியாகும் வழிகள். இடம் குறைவாக, எடை கூடாததாக இருக்கும் இடங்களில்தான் ஏரோஜெல்லுக்குக் கொடுக்கும் காசு நியாயமாகும்.

விலை குறையுமா? இரண்டு வழிகளில் முயற்சி நடக்கிறது. ஒன்று, துளைச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி ரசாயனம் பூசி, அதிக அழுத்தம் இல்லாமலே உலர்த்துவது. இன்னொன்று, மூலப்பொருளை மலிவாக்குவது. உமியை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். அதிலிருந்து ஆய்வகங்களில் ஏரோஜெல் செய்துவிட்டார்கள். அரிசி ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் உமிச்சாம்பலை இனி வெறும் குப்பை என்று சொல்லிவிட முடியாது.